ஆனியில் விதை, புரட்டாசியில் கன்று

‘எங்கள் தெருவில் ஒரு தோட்டம் போடணும் டீச்சர், வந்து தொடங்கிக் கொடுங்க’ என்று யாராவது கூப்பிட்டால், சித்திரையிலும் வைகாசியிலும் ஊரில் யார் யார் இருப்பீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அப்போது பள்ளிக்கு விடுமுறை, பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். கிணறு அடிமட்டத்துக்குப் போயிருக்கும், லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும். நட்ட கன்று பிழைக்குமா காயுமா என்பது அந்த இரண்டு மாதத்தில்தான் முடிவாகிறது. அப்போது யார் ஒரு குடம் ஊற்றுவார் என்பதற்குப் பெயரோடு பதில் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் பேசலாம்.

இதனால்தான் ஜூன் 5 அன்று நாங்கள் கன்று நடுவதில்லை. 1972-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த மாநாட்டை ஒட்டிப் பிறந்து, 1973 முதல் உலகம் முழுக்கச் சுற்றுச்சூழல் தினமாகக் கொண்டாடப்படும் நல்ல நாள் அது. ஆனால் சென்னையில் அப்போது அக்கினி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். எங்களுக்கு வருடத்தில் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. ஜூனில் வைத்த கன்று நான்கு மாதம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். புரட்டாசியில் வைத்தால் ஐப்பசி மழை வரும்போது வேர் பிடிக்கத் தயாராக இருக்கும், கோடை வருவதற்குள் கொஞ்சம் ஆழம் போயிருக்கும். மேடை போட்டு, மாலை சூட்டி, படம் எடுத்து, ஜூலையில் குச்சியாகிப் போன கன்றுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றை நட்ட குழந்தைகள் அந்த வழியாகத்தான் தினமும் பள்ளிக்குப் போவார்கள். தங்கள் கையால் வைத்தது செத்துக் கிடப்பதைத் தினமும் பார்க்கும் பிள்ளையிடம் அடுத்த முறை மரத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஜூன் மாதத்துக்கு வேறு வேலை இருக்கிறது: விதை பொறுக்குவது. ஆனியில் வேப்பம்பழம் உதிரும், நாவல் உதிரும். வேப்பங்கொட்டைக்கு ஆயுசு குறைவு. சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு மூன்று வாரத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். வெயிலில் காய வைத்து டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தினால் ஐப்பசியில் அது வெறும் கொட்டை. நாவல் கொட்டைக்கும் ஆயுசு குறைவுதான், தின்று துப்பிய வேகத்தில் பையில் ஊன்றிவிட வேண்டும். பிள்ளைகள் நாக்கு ஊதாவாகும்வரை அந்த வேலையைச் செய்வார்கள். பையை வீட்டுக்கு எடுத்துப் போய் வாசலிலோ மாடிப்படியிலோ வைத்து, அடுத்த வருடம் புரட்டாசிவரை வளர்ப்பார்கள். ஒரு வருடத்தில் இலைச்சுருட்டுப் புழு வரும், ஆடு கடிக்கும், தம்பி மிதிப்பான். எல்லாம் தாண்டி மண்ணுக்கு வரும் கன்றுக்குக் கூண்டும் வேண்டாம், பலகையும் வேண்டாம். அது யாருடையது என்று தெருவுக்கே தெரியும்.

நான் இந்த வேலையில் உறுதியாக நம்புவது ஒன்றுதான். ஒரு தெரு, தன் கை பட்ட இடத்தைத்தான் காக்கும். அந்தக் கையை முதலில் மண்வெட்டியிடம் அழைத்துப் போகாமல், கோலத்திடமும் இலையிடமும் முளைப்பாரியிடமும் அழைத்துப் போவதுதான் என் வழி. தோட்டம் முடிந்த பிறகு அழகுக்காகக் கலையைச் சேர்ப்பவர்கள் உண்டு. நான் அதைத் தலைகீழாகச் செய்கிறேன்.

எங்கள் பகுதி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு மேற்கே இருக்கிறது. பழைய ஊர்க்காரர்கள் அதைக் கழுவெளி என்பார்கள். மழைக்காலத்தில் எங்கள் தெருக்களில் விழும் தண்ணீரும் சுற்றுப்புற ஏரிகளின் மிகுதி நீரும் அங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். 2022-ல் சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது அதன் பரப்பு ஏறக்குறைய 1,248 ஹெக்டேர் என்று குறிக்கப்பட்டது. முன்பு இருந்த சதுப்பில் இது ஒரு சிறு பங்குதான். எங்கள் தெருமுனையில் இருப்பது ஓ.எஸ்.ஆர். இடம், அதாவது பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் பத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்கு விட வேண்டும் என்ற விதிப்படி கிடைத்த நிலம். கிடைத்தபோது அது ரப்பிஷ் மேடு. செங்கல் துண்டு, சிமென்ட் பாளம், உடைந்த வாஷ்பேசின், நடுவில் சீமைக் கருவேலம், ஓரத்தில் எருக்கும் துத்தியும் நாயுருவியும்.

அந்த இடத்தில் ஒரு கல்லைக்கூட எடுப்பதற்கு முன், அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். காலி இடம் என்று நாம் சொல்லும் எதுவும் காலியாக இருப்பதில்லை. வடக்கு ஓரத்துப் புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி நின்றது. குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது, வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பேருந்து நிறுத்தத்துக்கு அதில்தான் போனார்கள். மாலையில் பையன்கள் கிரிக்கெட். காலையில் இரண்டு மாடு. எருக்கஞ்செடியில் கறுப்பும் மஞ்சளுமாய் வரி போட்ட புழுக்கள். ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு ஓரம் வைத்த வண்ணத்துப்பூச்சி எருக்கைத் தேடித்தான் முட்டையிடும். ஆகவே எருக்கு இருக்கட்டும். ஒற்றையடிப் பாதை அப்படியே தோட்டத்துப் பாதையாகட்டும். இஸ்திரிக்காரர் புங்க மரத்தைவிட்டு நகர வேண்டியதில்லை. தோட்டம் போடுகிறேன் என்று வரைபடத்தோடு வந்து நேர்கோட்டில் பாதை போட்டு, நடந்து பழகியவர்களை வேலியைச் சுற்றி அனுப்பும் பூங்காக்கள் எத்தனையோ உண்டு. அந்தப் பெண்கள் வேலியில் ஒரு பொந்து போட்டு பழைய வழியிலேயே போவார்கள், அது அவர்கள் உரிமை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள். எங்கள் தெருவில் நாட்டு வாதுமை மரங்கள் உண்டு, பிள்ளைகள் பாதாம் மரம் என்பார்கள். வருடத்தில் இரண்டு முறை அது இலை உதிர்க்கும், உதிர்க்கும்முன் சிவக்கும். நம் ஊரில் இலையுதிர்காலம் இல்லை என்று சொல்கிறவர்கள் அந்த மரத்தடியில் போய் நிற்க வேண்டும். பிள்ளைகளிடம் நான் கொடுக்கும் வேலை இதுதான்: ஒரே நிறத்தில் இரண்டு இலை வரக்கூடாது, பச்சையில் தொடங்கிக் கருஞ்சிவப்பில் முடிய வேண்டும், வரிசை சுவரிலிருந்து பாதைவரை போக வேண்டும். பார்க்க எளிது. பத்து நிமிடத்தில் சண்டை வந்துவிடும். ‘இது இதுக்கு முன்னாடி வரும்.’ ‘இல்ல, இதுல நரம்பு மட்டும்தான் பச்சை, இது அப்புறம்தான்.’ குனிந்து, இலையை வெயிலில் தூக்கிப் பிடித்து, நரம்பில் பச்சை வடிந்து ஓரத்திலிருந்து செம்மை ஏறுவதைக் கண்டுபிடிப்பார்கள். ஒளிச்சேர்க்கைப் பாடத்தை நான் வகுப்பில் பல வருடம் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் அந்தக் கேள்விகள் ஒருநாளும் வந்ததில்லை.

ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி என்ற பிரிட்டிஷ் சிற்பி இலை, பனிக்கட்டி, கல், முள் போன்றவற்றை வைத்து இப்படிச் செய்கிறார். காற்றும் நீரும் கலைத்துவிடும் வேலைகள், படமாக மட்டுமே மிஞ்சும். பிள்ளைகளுக்கு அந்தப் படங்களைக் காட்டுவேன், வாய் பிளந்து பார்ப்பார்கள். ஆனால் வாசலில் விடியற்காலையில் அரிசி மாவால் இழைத்து, மாலைக்குள் எறும்புக்கும் அணிலுக்கும் காலடிக்கும் கொடுத்துவிடும் கலையை அவர்கள் பாட்டி அறுபது வருடமாகச் செய்துவருகிறார். குருத்தோலையைக் கிழித்து நிமிடத்தில் கிளி முடையும் பந்தல்காரர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவரை அழைத்து வந்து பிள்ளைகள் நடுவில் உட்கார வைத்தேன். ஈர்க்கை எங்கே நிறுத்த வேண்டும், ஓலையை எந்தப் பக்கம் மடித்தால் கிளியின் கழுத்து நிமிரும் என்று அவர் விரல் சொல்லிக்கொடுத்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் கூப்பிடப்படும் மனிதர், அன்று ‘மாஸ்டர்’ ஆனார். இப்போதும் பிள்ளைகள் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

ஆடி மாதம் முளைப்பாரி. இதைத் தொடங்கியவர் பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா. ஓட்டில் கொஞ்சம் வைக்கோல் பரப்பி, மேலே மண்ணும் காய்ந்த எருத்தூளும் நிரப்பி, ஊறவைத்த தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, கம்பு, சோளம் எல்லாவற்றையும் நெருக்கமாகத் தூவினார். மொட்டைமாடியில் வெயில் படும் இடமாக வைக்கலாமே என்றார் ஒருவர். அக்கா தலையாட்டினார். ‘வெளிச்சம் பட்டா கட்டையாயிரும்மா. இருட்டுல வச்சாத்தான் பாரி எந்திரிக்கும்.’ இருட்டறையில் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, ஒன்பதாம் நாள் கதவைத் திறந்தால் வெளிர் மஞ்சளாய் முழங்கை உயரத்துக்கு எழுந்து நின்றது. பெண்கள் கும்மி கொட்டித் தலையில் சுமந்து போய் ஏரியில் கரைத்தார்கள்.

அக்காவிடம் நான் கேட்டேன்: ஊரில் இதை எதற்காகச் செய்வீர்கள்? அம்மனுக்கு என்றார் முதலில். பிறகு, ‘யாரு வீட்டு விதை நல்லா வந்திருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்ல’ என்றார். விதைப்புக்கு முன் ஊர் முழுவதும் சேர்ந்து செய்யும் முளைப்புத்திறன் சோதனை அது. மீந்துபோன தானியத்தை என்ன செய்வது என்ற பேச்சில்தான் எங்கள் ரப்பிஷ் மேட்டுக்கு வழி கிடைத்தது. இயற்கை விவசாயிகள் பலதானிய விதைப்பு என்று ஒன்றைச் செய்வார்கள். நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவந்த முறைகளில் அதுவும் ஒன்று. சிறுதானியம், பயறு, எண்ணெய் வித்து, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் செடி எல்லாவற்றையும் கலந்து விதைத்து, பூக்கும் தருணத்தில், ஏறக்குறைய ஐம்பது நாளில், மடக்கி மண்ணோடு சேர்த்துவிடுவது. கல்லைப் பொறுக்கி, ஏரி வண்டல் ஒரு வண்டி வாங்கிப் பரப்பி, பாரிக்கு வாங்கிய தானியத்தோடு எள்ளும் தக்கைப்பூண்டும் சேர்த்துத் தூவினோம். கும்மி கொட்டிய பெண்களே விதைத்தார்கள். மடக்கிப் போடும் அன்று, ‘பூத்திருக்கிறதை வெட்டணுமா?’ என்று பலருக்கு மனசு கேட்கவில்லை. நியாயமான கேள்வி. ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் இளஞ்சிவப்பாய் ஒட்டியிருந்த முடிச்சுகளைக் காட்டி, மண்ணுக்குப் போக வேண்டிய உரம் இதில்தான் என்றேன். அதை நகத்தால் கீறிப் பார்த்த பிறகு வெட்டினார்கள்.

சருகுக் கூண்டு எங்கள் தோட்டத்தின் இதயம். மாசி, பங்குனியில் புங்க மரம் மொத்தமாக உதிர்க்கும். தெரு முழுக்கக் குவித்துக் கொளுத்துவதுதான் அதுவரை வழக்கம். ஆஸ்துமா உள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கம்பிவலையை வட்டமாகக் கட்டி, நெஞ்சுயரத்துக்கு ஒரு கூண்டு, செலவு அவ்வளவுதான். சருகில் கரிமம் அதிகம், காய்கறிக் கழிவில் தழைச்சத்து அதிகம்; கரிமம் முப்பது பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்பது மக்குவதற்கு உகந்த கணக்கு. கையில் தராசு இல்லாதவர்களுக்கு மூன்று கூடை சருகு, ஒரு கூடை பச்சை, மேலே ஒரு கை சாணக் கரைசல். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை. அசையாமல் கிடந்தால் பச்சையோ ஈரமோ போதவில்லை. மாவிலையும் வாதுமை இலையும் தடித்தவை, மிதித்து நொறுக்கிப் போட வேண்டும். புங்கிலை விரைவாக மக்கும். சரியாக அமைந்தால் நான்காம் நாள் கூண்டின் நடுவில் கையை நுழைக்க முடியாது, அவ்வளவு சூடு.

இதில் என் ஆசான் எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்காதான். பேட்டரி வண்டியை நிறுத்திவிட்டு, கூண்டில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிவார். ‘டீச்சர், சொட்டு விழணும். ஒண்ணு ரெண்டு சொட்டு. இது காஞ்சு கெடக்குது, ஒரு வாளி ஊத்துங்க.’ எந்த வீட்டிலிருந்து எது வரும் என்று அவருக்குத் தெரியும். ஒரு நாள் தன்னார்வலர் ஒருவர் மூட்டையைப் பிரிக்கப் போனபோது தடுத்தார். ‘அந்த மூட்டைய மட்டும் தொடாதீங்க சார், ஊசி இருக்கும். சுகருக்குப் போட்டுக்கிறாங்க, பாவம் வயசானவங்க.’ இத்தனை காலம் அந்த ஊசி அவர் கையில்தானே குத்தியிருக்கும் என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. அன்று மாலையே இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். இப்போது மூடி திருகும் பிளாஸ்டிக் புட்டியில் ஊசிகள் தனியாக வருகின்றன. 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஈரக் குப்பை, உலர் குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று தனித்தனியாகப் பிரித்துத் தரச் சொல்லியிருந்தன. விதியால் வராத மாற்றம் ஒரு பெண்ணின் விரல்களைப் பற்றி நினைத்ததும் வந்தது.

தெருமுனையில் குப்பை கொட்டும் இடத்தில் கோலம் போட்டால் கொட்ட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நாங்களும் செம்மண்ணும் மாவும் கொண்டு பெரிய கோலம் போட்டோம். நிஜமாகவே கொட்டுவது நின்றது, கோலம் புதிதாக இருந்த நாட்களில். அழிந்ததும் பை வந்தது. கோலம் செய்த பெரிய உதவி வேறு: விடியற்காலையில் அங்கே உட்கார்ந்து போட்டதால், யார் எப்போது கொட்டுகிறார்கள் என்று தெரிந்தது. வண்டி ஏழரைக்கு வரும். ஆறேகாலுக்கே தொழிற்பேட்டைக்குக் கிளம்பும் குடும்பங்கள் பையை எங்கே வைக்கும்? இப்போது முனை வீட்டுத் திண்ணையில் அவர்களுடைய வாளிகள் வரிசையாக இருக்கின்றன. அந்த வீட்டு அம்மா வண்டி வந்ததும் கொடுத்துவிடுகிறார். ஒழுங்கு இல்லாதவர்கள் என்று பேசுவதற்கு முன் அவர்களுடைய கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

மரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சொல்லிவிட்டது. வேகமாக வளரும் என்று தெருவெல்லாம் வைத்த மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் பெருங்கொன்றையும் வேரோடு சாய்ந்தன. அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசி மூச்சை அடைத்திருந்தால் எந்த மரம்தான் நிற்கும்? சிமென்டை உடைத்து, அடிமரத்தைச் சுற்றிக் கையகலமாவது மண் விடச் சொல்லி வார்டு அலுவலகத்துக்கு நடப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. புதிதாக வைப்பதெல்லாம் இந்தக் கரைக்கே உரிய மரங்கள்: புன்னை, மகிழம், புங்கை, பூவரசு, நாவல், நுணா. மெதுவாக வளரும் என்று முகம் சுளிப்பவர்களைக் கோட்டூர்புரம் மரப்பூங்காவுக்குக் கூட்டிப் போவேன். அடையாற்றின் ஓரம் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை 2006 முதல் நிழல் அமைப்பும் தன்னார்வலர்களும் வளர்த்தெடுத்தார்கள். அங்கே போய் ஒரு மணி நேரம் நின்றால் போதும், பிறகு நான் வாதாடத் தேவையில்லை.

பூப்பறிப்பு எல்லாத் தோட்டங்களுக்கும் உள்ள தலைவலி. பூட்டுப் போடுவதையும் பலகை எழுதுவதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சாமிக்கு நாலு பூ தேடி ஐந்து மணிக்கு வரும் பெரியவர்தான் ஊரிலேயே மண்ணை அதிகம் பார்ப்பவர். நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பாதை ஓரத்திலேயே, கை எட்டும் தூரத்தில் வைத்தோம், பறிப்பதற்கென்றே. உள்ளே பவளமல்லி, அது தானாக உதிர்ந்த பூவைத்தான் பொறுக்க வேண்டும் என்பது அவர்களே சொல்லும் முறை. பதிலுக்கு ஒன்று கேட்டோம்: பூக்கூடையோடு வருகிறவர் பூவாளியையும் தூக்க வேண்டும். ‘அதுக்கென்னம்மா’ என்றார்கள். பறவைக்கு வைத்த தண்ணீர்ச் சட்டியில் கொசு முட்டையிடாமல் வாரத்துக்கு இரண்டு முறை தேய்த்துக் கவிழ்ப்பதும் இப்போது அவர்கள் பொறுப்பில் இருக்கிறது. கடந்த கோடையில் நான் ஊரில் இல்லாத வாரங்களில் கன்றுகளைக் காப்பாற்றியது இந்தக் கூட்டம்தான்.

யார் பெயரும் தோட்டத்தில் எழுதப்படவில்லை. நன்கொடை தருபவர்கள் சிலருக்கு அதில் வருத்தம் உண்டு, அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கல்லில் ஒரு பெயர் ஏறினால் மற்ற எல்லோரும் விருந்தாளி ஆகிவிடுகிறார்கள். தண்ணீர்க் குழாயின் சாவி மூன்று பேரிடம் இருக்கிறது: இஸ்திரிக்காரர், மாவு அரைக்கும் அக்கா, பத்தாவது படிக்கும் ஒரு பையன். என்னிடம் இல்லை. வேண்டுமென்றால் நானும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இந்தப் புரட்டாசியில் மேற்கு மூலையில் நுணாவும் நறுவிலியும் வைக்கிறோம். பிள்ளைகளின் வாசல்களில் வளரும் நாவல்களில் எட்டோ ஒன்பதோ முழங்கால் உயரம் வந்திருக்கின்றன. ஆவணி கடைசியிலேயே குழி எடுத்து, மண்ணை ஆறப் போட்டு, கூண்டிலிருந்து இரண்டு பாண்டு உரம் கலந்து வைக்க வேண்டும். அந்த மூலையில் இன்னும் சிமென்ட் பாளம் கிடக்கிறது, ஒரு கடப்பாரை போதாது. இன்னொன்று தருவதாகப் பந்தல்கார மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.